தங்கமான மனுசன், குடி ஒன்றுதான்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான கரையோரத்தில் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் ஒரு வசனம் காதில் விழும். இறந்தவர் ஐம்பதைத் தாண்டாத ஆணாக இருந்தால் அநேகமாக நிச்சயம் விழும். "தங்கமான மனுசன். ஒரு குறை சொல்ல ஏலாது. குடி ஒன்றுதான்." தமிழ் பேசும் வீட்டில் தமிழிலும் சிங்களம் பேசும் வீட்டில் சிங்களத்திலும் இதையேதான் சொல்கிறார்கள். இறந்தவரை இழித்துப் பேசலாகாது என்ற நாகரிகத்தில் பிறந்த வசனம் அது. அந்த அளவில் அதை மதிக்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு, செய்திக்காகவும் உறவுக்காகவும் இந்தக் கரையில் அலைந்தவன் என்ற முறையில் இவ்வசனத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க, அதன் இரு பாதிகளும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல, ஒன்றிலிருந்து மற்றையது பிறந்தது என்ற எண்ணமே எனக்கு வலுக்கிறது. குறையற்ற மனிதர் ஒருவரிடம் தற்செயலாக ஒட்டிக்கொண்ட ஒற்றைக் குறையாகக் குடியைப் பார்க்கிறோம். குறையே இருக்கக்கூடாதென்று அவர் தன்மீதும் ஊர் அவர்மீதும் ஏற்றிவைத்த பாரத்தைச் சற்று இறக்கிவைக்கும் இடமாகவே தவறணை பலருக்கு அமைந்தது என்பதை நாம் பார்ப்பதில்லை.

குடிக்கிற எல்லோரும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. வறுமை, பரம்பரை, சகவாசம், கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் கசிப்பு என்று காரணங்கள் பல. களிப்புக்காகத் தொடங்கி மீளமுடியாமற் போனவர்களும் ஏராளம். நான் இங்கு பேசுவது ஒரு வகையினரைப் பற்றி மட்டுமே. ஆனால் அந்த வகையினர் நாம் நினைப்பதைவிடக் கூடுதலானவர்கள். அவர்களை நாம் இனங்காண்பதுமில்லை. ஏனென்றால், குடிகாரன் என்றவுடன் எமது மனக்கண்ணில் தோன்றுவது தெருவோரத்தில் வேட்டி அவிழ விழுந்து கிடப்பவன்தான். காலை ஏழு மணிக்குச் சவரம் செய்து, சட்டையை மடிப்புக் குலையாமல் உடுத்திக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்காருபவர் நினைவுக்கு வருவதில்லை.

இந்த மனப்பான்மைக்குத் தமிழில் ஒற்றைச் சொல் வழக்கில் இல்லை. 'பூரணத்துவ மனப்பான்மை' என்று எழுதுகிறார்கள். ஊரில் 'கணக்கான ஆள்' என்பார்கள். உளவியலாளர்கள் இதனைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகின்றனர். கனடாவைச் சேர்ந்த போல் ஹெவிற், கோர்டன் பிளெற் ஆகிய இருவரும் 1991 இல் வெளியிட்ட அளவுகோல் இதனை மூன்றாகப் பிரித்தது: தானே தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாகத் தான் உணர்வது. இதற்கு ஓராண்டு முன்னதாக அமெரிக்கரான ரண்டி புரொஸ்ற்றும் அவரது குழுவினரும் வேறொரு விதமாகப் பிரித்திருந்தனர். உயர்ந்த தரத்தை நாடுவது வேறு, பிழை நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி நடுங்குவது வேறு என்பது அதன் சாரம். இரண்டையும் பிரித்துப் பார்த்தது பெரிய உதவி. ஏனெனில் அதன் பின்னர் வந்த ஆய்வுகளில், தரத்தை நாடுவதற்கும் பிரச்சினைக்குரிய குடிக்கும் இடையே உறுதியான தொடர்பு தென்படவில்லை. சில ஆய்வுகளில் அது காப்பாகவே அமைந்திருக்கிறது. பிழையைக் கண்டு அஞ்சும் மனதுக்கும், ஊர் என்னைக் குறையில்லாதவனாகவே ஏற்கும் என்று எண்ணும் மனதுக்கும்தான், கவலையை ஆற்றுவதற்காகக் குடிக்கும் பழக்கத்தோடு உறவு காணப்பட்டது. மது அந்தக் கவலையைச் சில மணிநேரம் தணிக்கவும் செய்கிறது. விடியும்போது இரட்டிப்பாக்கித் திருப்பித் தருகிறது. வட்டிக்கடைக்காரனின் தொழில்முறை.

நான் தொழில் பழகிய காலத்தில் பத்திரிகைக் காரியாலயமொன்றில் ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். ஈய எழுத்துக் கோத்த காலம் அது. அவருடைய கண்ணைத் தப்பி ஒரு ஒற்றெழுத்துக்கூடப் போகாது. அச்சுக்கோப்பாளர்கள் அவருக்குப் பயந்தார்கள், ஆசிரியர்களும் பயந்தார்கள். ஆண்டு முழுவதும் பிழையின்றிப் போன பக்கங்கள் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. எப்போதோ ஒரு மரண அறிவித்தலில் பெயர் மாறிப்போனதைப் பற்றி, அது நடந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், கடைசிப் பக்கம் இறங்கிய நள்ளிரவுகளில் சொல்லிக்கொண்டிருப்பார். அதைச் சொல்வதற்கு அவருக்குச் சாராயம் தேவைப்பட்டது. சாராயம் உள்ளே போன பின்னர் வேறெதையும் சொல்ல முடியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். செத்தவீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கலைஞர்கள் விடயத்தில் இதற்கு நாம் ஒரு பளபளப்புப் பூசிவிடுகிறோம். இந்திய சினிமாவில் குருதத்தைக் குறிப்பிடாமல் இதைப் பேச முடியாது. எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்தவர், திருப்தி இல்லையென்று படங்களைப் பாதியில் கைவிட்டவர் என்று அவரோடு பணியாற்றியோர் சொல்லியிருக்கிறார்கள். 1959 இல் 'காகஸ் கே பூல்' தோல்வியடைந்த பின்னர் அவர் இயக்குநர் என்று தன் பெயரை எந்தப் படத்திலும் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் படத்தின் நாயகனே குடியில் அழியும் ஒரு திரைப்பட இயக்குநன் என்பது விதியின் கேலி. 1964 ஒக்டோபர் 10 ஆம் திகதி, மதுவும் தூக்க மாத்திரையும் கலந்து, 39 வயதில் அவர் இறந்துகிடந்தார். அவரது தயாரிப்பில் 1962 இல் வந்த 'சாஹிப் பீபி ஔர் குலாம்' படத்தில், கணவனைத் தக்கவைப்பதற்காகக் குடிக்கத் தொடங்கி அதிலேயே அமிழும் மனைவியாக நடித்த மீனாகுமாரியும் பத்தாண்டுகளில் அதே வழியில் போனார். 'பாகீஸா' வெளிவந்து இரு மாதங்கள் ஆகுமுன், 1972 மார்ச் 31 இல், ஈரல் நோயால் மரணம்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், குடிதான் அந்தக் கலையைத் தந்தது என்ற தொனியில் எழுதுவது எனக்கு எரிச்சலூட்டும். 'பியாஸா' 1957 இல் வந்தது. அதன் பிறகு குருதத்துக்கு ஏழு ஆண்டுகளே இருந்தன. பிழைக்கு அஞ்சியதும் அந்த அச்சத்தை மதுவில் ஊறவைத்ததும் எங்களிடமிருந்து படங்களைப் பறித்தனவே தவிர, தரவில்லை.

பம்பாயை விட்டு எமது கரைக்கு வருவோம். கடற்றொழிலாளிக்கும் பூரணத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். காற்றையும் நீரோட்டத்தையும் நம்பிப் பிழைக்கிறவன் குறைகளோடு வாழப் பழகியவன் அல்லவா? தொழிலில் அப்படித்தான். உடப்பில் கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாடலைப் பாடி இழுத்து முடித்து, மடியில் ஒன்றுமில்லையென்றால், "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று வலையை உலர்த்தப் போய்விடுவார்கள். அந்த மனநிலை வீட்டுப் படலைக்குள் நுழையும்போது இல்லாமற் போய்விடுகிறது. கடலில் வெறுங்கையோடு திரும்பலாம். வீட்டுக்குத் திரும்பலாகாது.

சோளகக் காலத்தில், மே தொடக்கம் செப்டம்பர் வரை, மேற்குக் கடல் கொந்தளிக்கும். வசதியுள்ளவர்கள் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். எஞ்சியவர்கள் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியோ நகையை அடகு வைத்தோ அந்த மாதங்களைக் கடத்துவார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடப்பது. இதில் புதிதாக ஒன்றுமில்லை. புதிதாக வந்தது அளவுகோல்தான்.

1980களில் இம்மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது கைநிறையப் பணம் கண்டவர்கள் உண்டு. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிக் குளங்கள் வெறிச்சோடின. குளம் போனது, அந்தப் பணத்தில் உயர்ந்த எதிர்பார்ப்புப் போகவில்லை. வென்னப்புவ, மாரவிலப் பக்கம் போனால் இத்தாலிப் பணத்தில் எழுந்த மாடிவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு அடுத்த வளவில் இருக்கும் மீனவன் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் தன் தோல்வியைத்தான் பார்க்கிறான். 2012 இல் இந்தக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறி, திருப்பி அனுப்பப்பட்டு, கடனோடு வந்திறங்கியவர்களின் கதை வேறு. அவர்களுள் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கடனைக் கட்டலாம் ஐயா. சந்தியில நிண்டு முகத்தைக் காட்டத்தான் ஏலாமக் கிடக்கு." அவர் சந்திக்கு வருவது இருட்டிய பின்னர்தான். இருட்டிய பின் சந்தியில் திறந்திருப்பது எது என்பது தெரிந்ததே.

மிஷெல் காம்பர்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர், இலங்கையின் தென்மேற்குக் கரைக் கிராமமொன்றில் நெடுங்காலம் ஆய்வு செய்து, கசிப்புக் கலாசாரத்தைப் பற்றி 2008 இல் ஒரு நூல் எழுதினார். மனைவிமார் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றுவிட, உழைத்துப் போடுகிறவன் என்ற இடத்தை இழந்து நிற்கும் ஆண்கள் குடியில் தேடும் ஆண்மையை அவரது எழுத்துக்கள் நுணுக்கமாகக் காட்டுகின்றன. எமது மாவட்டத்திலிருந்தும் பெண்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கணவன் குடிப்பதைத் திட்டி ஆசிரியதலையங்கம் எழுதுவது எளிது. அந்தப் பணம் வந்த நாளில் அவனுக்குள் என்ன உடைந்தது என்று கேட்பது கடினம். திட்டுவது நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் வெயிலில் வெந்து சம்பாதித்தது அது. திட்டுவதால் ஒரு போத்தலும் குறையவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் உண்மையில் எழுத வந்த விடயம் இனிமேல்தான் இருக்கிறது. குடிக்கு இட்டுச்செல்லும் அதே மனப்பான்மையைத்தான் குடியை நிறுத்தும் மருந்தாகவும் நாம் கொடுக்கிறோம்.

எமது நாட்டின் ஒழுங்கே அப்படி. போயா தினத்தில் மதுக்கடை இழுத்துப் பூட்டப்படும். முதல்நாள் மாலை அதே கடையின் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஒரு நாள் முழுத் துறவியாகவும் மறுநாள் முழுக் குடியனாகவும் இருக்கத் தேசமே ஒப்பந்தம் செய்துகொண்டதுபோலத் தோன்றும். கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் தவக்காலம் நாற்பது நாளும் தொடாத ஆண்கள் இருக்கிறார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் கோவிலின் ஆடி விழா 18 நாள். தீமிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் கடும் விரதம் காப்பார்கள். இவற்றை நான் மதிக்கிறேன். "என்னால் முடியும்" என்று ஒரு மனிதன் தன் உடம்புக்கே நிரூபித்துக்காட்டும் நாட்கள் அவை. ஆனால், பாஸ்கு இரவுக்கும் தீமிதிப்பின் மறுநாளுக்கும் அப்பால் என்ன?

அப்பால் இருப்பது சத்தியம். தலவில அன்னம்மாள் திருத்தலத்திலோ முன்னேசுவரத்திலோ மனைவி மக்கள் சூழ நிறுத்தி, "இனி என் வாழ்நாளில் தொடமாட்டேன்" என்று சொல்லவைக்கிறோம். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லவைக்கிறவர்களும் உண்டு. சொல்கிறவனும் மனமாரத்தான் சொல்கிறான். அவன் கணக்கான ஆள் அல்லவா, அரைகுறையாக எதையும் செய்யமாட்டான். மூன்று மாதம் நிற்கும். ஆறு மாதம் நிற்கும். பிறகு ஒரு கல்யாணவீட்டில், அல்லது வலை அறுந்த ஒரு நாளில், ஒரு கிளாஸ்.

அந்த ஒரு கிளாஸோடு நின்றிருந்தால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் நிற்பதில்லை. சத்தியம் உடைந்துவிட்டது, உடைந்தது பாதி உடைந்ததாகாது. அன்னம்மாளுக்குத் துரோகம் செய்தாயிற்று, பிள்ளையின் தலைக்குக் கேடு வைத்தாயிற்று, இனி எதற்கு நிறுத்துவது? அன்றிரவே முழுப் போத்தல். அடுத்த வாரம் பழைய நிலையைவிட மோசம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலன் மார்லற் என்ற உளவியலாளர், ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985 இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். முதல் சறுக்கல் ஒருவரை வீழ்த்துவதைக் காட்டிலும், "நான் முற்றாகத் தோற்றுவிட்டேன்" என்று அதற்கு அவர் கொடுக்கும் பொருளே ஆழமாக வீழ்த்துகிறது என்பது அவரது முடிவு. சியாட்டிலில் இருந்துகொண்டு அவர் கண்டதை எங்கள் கரையின் மனைவிமார் எப்போதோ கண்டுவிட்டார்கள். "சத்தியம் பண்ணாம இருந்திருந்தா இவ்வளவு மோசமாக் குடிச்சிருக்கமாட்டார்" என்று கந்தக்குழியில் ஒரு தாய் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது.

இன்னுமொரு ஆபத்து உண்டு. அதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. நெடுங்காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்த ஒருவர் சத்தியத்தின் வேகத்தில் ஒரே நாளில் முற்றாக நிறுத்தினால், ஓரிரு நாட்களுக்குள் கைநடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலைக்கும் சிலர் போவார்கள். சிகிச்சையின்றி விட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. ஊரில் இதைப் 'பேய் பிடித்தது', 'சாமி தண்டித்தது' என்கிறார்கள். பேயுமில்லை, தண்டனையுமில்லை. வைத்தியர்கள் அறிந்த நிலைதான். மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தும் தயமின் உயிர்ச்சத்தை ஏற்றியும் அதைக் கடக்க வைக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே, உங்கள் வீட்டில் நாள்தோறும் குடிக்கும் ஒருவர் நாளை நிறுத்தப்போவதாகச் சொன்னால், கோவிலுக்குக் கூட்டிப்போகு முன் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கோவிலுக்குப் பிறகு போகலாம்.

குறையின்மையை எவ்வளவு உயரத்தில் வைக்கிறோமோ, அவ்வளவுக்கு மறைவு ஆழமாகும். மதுவை மார்க்கம் முற்றாக விலக்கிய முஸ்லிம் சமூகம் இம்மாவட்டத்தில் பெருந்தொகையாக வாழ்கிறது. அந்த விலக்கு எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே சறுக்கிய ஒருவன் உதவி கேட்டு எந்த வாசலில் நிற்பான்? பெண்களின் நிலையும் அதுவே. பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாதென்று 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி அதை மீளப்பெறச் சொன்னார். அப்போது நடந்த விவாதம் முழுவதிலும் 'எங்கள் பெண்கள் அப்படியல்லர்' என்ற குரலே ஓங்கியது. அப்படியான ஒரு பெண் சமையலறையில் ஒளித்துவைத்துக் குடித்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டிருந்தால், அவள் வாய் திறந்திருப்பாளா?

கனநாத் ஒபயசேகர சிங்களச் சமூகத்தின் 'லஜ்ஜா பய'வைப் பற்றி எழுதியிருக்கிறார். வெட்கமும் ஊரின் பழிக்கு அஞ்சுதலும் சேர்ந்த ஓர் உணர்வு. பிள்ளைப் பருவத்திலேயே ஊட்டப்படுவது. தமிழிலும் எமக்கு அதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: மானம், மரியாதை, நாலு பேர் என்ன சொல்வார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இதை வாசிக்கிற உங்களுக்கு இது அந்நியமான விடயமல்ல. கடன் அட்டையில் கல்யாணம் செய்து, இரண்டு வேலை பார்த்து, ஊருக்கு அனுப்பும் படத்தில் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார் எத்தனை பேரை நீங்கள் அறிவீர்கள்? அவர்கள் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வருவதற்கு ஏன் அரைமணிநேரம் எடுக்கிறது என்பதை அவர்களுடைய பிள்ளைகள் அறிவார்கள்.

அப்படியானால் தரம் வேண்டாமா, எல்லாவற்றையும் அரைகுறையாகவே விட்டுவிடலாமா என்று சிலர் கோபிக்கக்கூடும். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் திரட்டி வெளியிட்டவர். முன்மாதிரி இல்லாத வேலை. செவிவழிச் செய்தியும் விடுபாடுகளும் அதில் இருந்தன. பூரணமாகட்டும் என்று காத்திருந்தால் நூலே வந்திராது. அடுத்த ஆண்டு, 1860 இல், அவர் இறந்துவிட்டார். அவர் வெளியிட்டதை அடிப்படையாகக் கொண்டு, விரித்தும் திருத்தியும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் 'பாவலர் சரித்திர தீபக'த்தைத் தந்தார். உழைப்பில் தரம் தேடிய ஒருவர், பிழை இருக்கலாமென்று தெரிந்துகொண்டே கையிலிருந்ததை வெளியிடத் துணிந்ததால் நடந்த காரியம் அது. தரம் தேடுவதும் பிழைக்கு நடுங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் எனக்குக் கிடைக்கவில்லை.

1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளர் தொடங்கிய 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கம் வாழ்நாள் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்போம் என்பதே அதன் கணக்கு. அதன் சமயச் சாயல் எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கும் அதில் முழு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த ஒரு நாள் கணக்கு, பிழைக்கு அஞ்சுகிறவனுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. கொழும்பில் சுமித்ரயோவின் மெல் மெதுர நெடுங்காலமாகக் குடிநோயாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் செவிகொடுத்து வருகிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். எமது கோவில் அறங்காவலர்களும் பங்குத்தந்தையரும் சத்தியத்தைக் கைவிடவேண்டியதில்லை. அதன் நீளத்தைக் குறைத்தாலே போதும்.

சிலாபத்துக்கு வடக்கே ஒரு பங்கில் குருவானவர் ஒருவர் அதைத்தான் செய்து பார்த்தார். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று. ஞாயிறு பூசை முடிந்ததும் விரும்பியவர் வந்து அடுத்த ஞாயிறுவரைக்கும் என்று கையெழுத்திடலாம். இடையில் குடித்தவர் அந்த வாரத்துக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் கையெழுத்திடலாம். ஒரு கேள்வியும் கேட்கப்படாது. கொப்பியை எனக்குக் காட்டினார். பெயர்களை மறைத்துக்கொண்டுதான். ஒரு வரிசையில் பதினொரு புள்ளிகளும் முப்பத்துநான்கு கையெழுத்துகளும் இருந்தன. முதல் சில கையெழுத்துகள் நடுங்கிக் கோணியிருந்தன. "இந்த ஆள் முந்தி மூன்று முறை தலவிலையில் சத்தியம் பண்ணினவர்" என்றார் பாதிரியார். "மூன்று முறையும் ஒரு புள்ளியோடு முடிஞ்சுபோச்சு."